சொந்தப் பாட்டோடு தனியாக மேடையேற: நாட்டார் பாணிப் பாடகருக்கு முழு வழிகாட்டி

ஒரு கிட்டார், ஒரு குரல், சில சொந்தப் பாட்டுகள். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. இந்த நிலையில் இருப்பவர் முதல் முழுக் கச்சேரியைப் பாடி, காசை வாங்கி, அடுத்த அழைப்பையும் பெறுவது வரை என்னென்ன வேலை, எந்த வரிசையில் என்பதுதான் இங்கே.

இந்த வரிசையை நான் தலைகீழாகச் செய்து பார்த்தவன். முதலில் ஆல்பம், அப்புறம் அறிவிப்பு, அப்புறம் மேடை, கடைசியில்தான் ஒத்திகை. பிறகு சில வருடங்கள், பெயர் கொடுத்த யாரும் பாடலாம் என்ற ஓப்பன் மைக் நிகழ்ச்சிகளில் பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்தேன். புதிதாக வருகிறவர்களும் அதே வரிசையில் வந்து, அதே இடத்தில் தடுக்கினார்கள். அதனால் கீழே உள்ள எண்களை மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியில் செய்த வேலையை நம்பித்தான் நிற்கிறது.

கிட்டாருக்குப் பதில் வேறு வாத்தியம் என்றால் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பாட்டு 12 வேண்டும். அதில் 8 உங்களுடையது, மீதி மரபுப் பாட்டு என்றாலும் சரி. இதைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு கச்சேரி கேட்டால், கிடைத்த பிறகு பாட்டெழுத உட்கார வேண்டியிருக்கும். அவசரத்தில் எழுதிய பாட்டு மேடையில் காட்டிக்கொடுத்துவிடும்.

சாமான்கள்: பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கருவி) வைத்த கிட்டார், கிட்டாரின் தலையில் மாட்டும் ட்யூனர், கேப்போ (கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கவ்வி), 2 கேபிள், 2 செட் கம்பி, கம்பி வெட்டும் கட்டர், சொந்தமாக ஒரு டிஐ பாக்ஸ், சொந்தமாக ஒரு மைக். கடைசி இரண்டையும் பலர் “அங்கேயே இருக்குமே” என்று விட்டுவிடுகிறார்கள்.

கிட்டார் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் நீளமான கேபிளில் போனால் வழியில் இருக்கிற இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். டிஐ பாக்ஸ் அதை மிக்சர் வரை பத்திரமாகப் போகும் பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றுகிறது. உங்கள் பிக்கப் பேட்டரி இல்லாத பீசோ வகை என்றால் ஆக்டிவ் டிஐ வாங்குங்கள். சாதாரண பாசிவ் டிஐயில் அது அடித்தொனி மெலிந்து, தகரம் தட்டுவதுபோல் கேட்கும். ஆக்டிவ் டிஐக்கு மின்சாரம் வேண்டும். மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபான்டம் பவரில் ஓடும். அது இல்லாத இடத்துக்குப் பேட்டரி போடும் வகை நல்லது.

மைக் விஷயத்தில், பொது மைக்கின் வலைக்குள் எத்தனை பேர் எச்சில் இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் ஒத்திகை பார்த்த அதே மைக்கில் மேடையில் பாடும்போது, எவ்வளவு நெருங்கலாம், எங்கே விலக வேண்டும் என்பது வாய்க்குப் பழகியிருக்கும். காரணம் அவ்வளவுதான்.

2. பாட்டுகளை வடிகட்டுங்கள்

12 பாட்டையும் ஒரே உட்காரலில் பாடி ஃபோனில் பதிவுசெய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் பாட நினைத்ததுதான் காதில் விழும், பாடியது விழாது.

பிறகு ஒரு தாளில் பாட்டுக்கு ஒரு வரி: பெயர், சுருதி, கேப்போ எந்தக் கட்டையில் (ஃப்ரெட்), ட்யூனிங், வேகம், நீளம், எதைப் பற்றி. தனித்தனியாகக் கேட்கும்போது தெரியாத நோய் இந்தத் தாளில் தெரிந்துவிடும். என் முதல் தாளில் 12-க்கு 7 பாட்டு ஜி சுருதியில், ஏறக்குறைய ஒரே வேகத்தில், யாரோ ஒருவர் ஊரை விட்டுப் போவதைப் பற்றி இருந்தன. ஒவ்வொன்றும் நல்ல பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். வரிசையாகக் கேட்டால் ஒரே பாட்டு, 25 நிமிடம்.

இப்படி இருந்தால் உடனே புதுப் பாட்டு எழுதக் கிளம்ப வேண்டாம். ஒன்றுக்கு கேப்போவை மூன்று கட்டை மேலே ஏற்றுங்கள். இன்னொன்றில் ஒரு சரணத்தை வெட்டுங்கள். ஒன்றை வாத்தியமே இல்லாமல் பாடிப் பாருங்கள். வாத்தியமில்லாத பாட்டு ஒன்றாவது கைவசம் இருந்தே ஆக வேண்டும். ஏன் என்று 12-ஆவது பகுதியில் தெரியும்.

3. எது யாருடைய பாட்டு என்று எழுதி வையுங்கள்

அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் பாட்டு நாலு பேருக்குத் தெரிந்த பிறகு இதைச் செய்ய முடியாது, சண்டைதான் போட முடியும்.

மரபுப் பாட்டின் பழைய சொல்லும் மெட்டும் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஆனால் நீங்கள் அதை எந்தப் பாடகரின் பதிவிலிருந்து கற்றீர்களோ, அவர் சேர்த்த அடிகளும், மாற்றிய மெட்டும், போட்ட கிட்டார் நடையும் அவருடையதாக இருக்கலாம். மரபு என்று நினைத்துப் பாடும் பாட்டை அண்மையில் யாரோ எழுதியிருப்பதும் உண்டு. பெர்ன் ஒப்பந்தம் என்ற சர்வதேசக் காப்புரிமை உடன்படிக்கைப்படி எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டு உரிமை நீடிக்கும். பல நாடுகளில் அது 70. எனவே ஒவ்வொரு மரபுப் பாட்டுக்கும் எதிரே “யாரிடம் கற்றது” என்று ஒரு குறிப்பு.

நண்பர் ஒருவரோடு சேர்ந்து எழுதியது, அமைத்தது என்றால் அன்றைக்கே, அந்த மேசையிலேயே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 1964-இல் தி அனிமல்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு ஒரு மரபுப் பாட்டைப் பதிவுசெய்தது. ஐந்து பேர் வாசித்த அமைப்பு. இசைத்தட்டில் அமைப்பாளர் பெயராக அச்சானது ஆலன் பிரைஸ் என்ற ஒருவர் பெயர் மட்டும். உரிமைத்தொகையும் அந்தப் பெயருக்குத்தான் போனது. தட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதற்குத்தான் காசு.

அப்புறம், உங்கள் நாட்டில் பாட்டாசிரியர்களுக்கான காப்புரிமைச் சங்கம் இருந்தால் உறுப்பினராகி, சொந்தப் பாட்டுகளைப் பதிவுசெய்யுங்கள். மேடையில் ஒரு பாட்டு பாடப்பட்டதற்கு வரும் உரிமைத்தொகை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் போவது. உங்கள் விஷயத்தில் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடுகிறவர் மூவரும் ஒருவரே. பாட்டைப் பதிவுசெய்யாதவருக்கு அது வராது.

இரண்டு எண்களை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஐஎஸ்ஆர்சி என்பது ஒலிப்பதிவுக்கான, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு. ஐஎஸ்டபிள்யூசி என்பது பாட்டுக்கானது. ஒரே பாட்டை மூன்று விதமாகப் பதிவுசெய்தால் முதலாவது மூன்று வாங்க வேண்டும், இரண்டாவது ஒன்றே ஒன்று.

4. பாட்டு வரிசை: 20 நிமிடத்துக்கு ஒன்று, 45 நிமிடத்துக்கு ஒன்று

45 நிமிடம் என்றால் 12 பாட்டு என்று கணக்குப் போடுவது முதல் பிழை. ஒரு பாட்டு சராசரி மூன்றே முக்கால் நிமிடம் என்றால் 9 பாட்டுக்கே 34 நிமிடம் ஆகிவிடும். மீதி 11 நிமிடம் பேச்சு, ட்யூனிங், கைத்தட்டல், ஒரு மடக்குத் தண்ணீர். ஆக 9 பாட்டு, கூடுதலாக ஒன்று தயாராக. 20 நிமிடத்துக்கு 4.

முதல் பாட்டாக உங்கள் சிறந்த பாட்டை வைக்காதீர்கள். முதல் பாட்டின்போது சவுண்ட்காரர் ஒலியைச் சரிசெய்துகொண்டிருப்பார், வந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் கையும் நடுங்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடக்கூடிய, நடுத்தர வேகத்துப் பாட்டு அங்கே போகட்டும். சிறந்தது இரண்டாவதோ மூன்றாவதோ.

ட்யூனிங் மாறும் பாட்டுகளை அடுத்தடுத்து வையுங்கள். வழக்கமான ட்யூனிங்கிலிருந்து டி-ஏ-டி-ஜி-ஏ-டி ட்யூனிங்குக்குப் போக மூன்று கம்பிகளை இறக்க வேண்டும்: ஆறாவது, இரண்டாவது, முதலாவது. போய்வர இரண்டு தடவை நேரம் வீணாகும். அந்த ட்யூனிங்கில் மூன்று பாட்டு இருந்து மூன்றையும் தள்ளித்தள்ளி வைத்தால் சபை உங்களை ட்யூனர் பார்க்கும் மனிதராகத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். இறக்கும்போது, வேண்டிய சுருதிக்கும் கீழே கொண்டுபோய் அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்ட கம்பி பாட்டின் நடுவே நழுவும்.

கடைசிக்கு முந்தைய இடம் அமைதியான பாட்டுக்கு. கடைசி இடம், சபை ஒரு வரியையாவது சேர்ந்து பாடக்கூடிய பாட்டுக்கு.

5. பாட்டுக்கு நடுவே என்ன பேசுவது

தனியாகப் பாடுகிறவருக்கு இது பாதி வேலை. குழுவாக இருந்தால் டிரம்ஸ்காரர் எதையாவது தட்டி இடைவெளியை மூடுவார். உங்களுக்கு மூட ஆளில்லை.

பேச்சையும் எழுதி, மனப்பாடம் ஆகும் வரை சொல்லிப் பாருங்கள். “இயல்பாக வரட்டும்” என்று விட்டால் இயல்பாக வருவது மன்னிப்புதான். பெயர் எழுதும் மேசையில் இருந்தபோது ஒரு பெண் பாடிய மூன்று பாட்டுக்கு இடையே “சாரி” என்ற சொல்லை எண்ணினேன். 11. தொண்டை சரியில்லை சாரி, கம்பி பழசு சாரி, இது புதுப் பாட்டு சாரி. அவர் பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகுதான் தேட ஆரம்பித்தேன்.

இரண்டாவது பிழை என்னுடையது. என் பாட்டு ஒன்றில் ஒரு ஆள் ஒவ்வொரு சாயங்காலமும் இரண்டு தட்டு கழுவி வைப்பான். அவன் மனைவி உயிரோடு இல்லை என்பது கடைசிச் சரணத்தில்தான் தெரியவரும். ஒரு வருடம் முழுக்க நான் அதைப் பாடும்முன் “இது மனைவியை இழந்த ஒருவரைப் பற்றிய பாட்டு” என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். கடைசிச் சரணத்தில் ஏன் யாரும் அசையவில்லை என்று வருத்தம் வேறு. ஒரு நாள் நேரமில்லாமல் முன்னுரை இல்லாமல் பாடினேன். மூன்றாவது வரிசையில் இருந்தவர் கையிலிருந்த கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் அப்படியே நிறுத்திவிட்டார்.

பாட்டு சொல்லப்போவதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அதன் வாசல்படியில் கொண்டுபோய் விட்டால் போதும். “எங்கள் வீட்டில் இரண்டு தட்டுதான் உண்டு” என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடங்கலாம். ஒரு பாட்டில் பழைய சொல், தொழிற்சொல் இருந்தால் அதை மட்டும் விளக்குங்கள்.

அளவு: 9 பாட்டுக் கச்சேரியில் நாலு இடத்தில் பேச்சு, ஒவ்வொன்றும் 30 முதல் 60 விநாடி. மற்ற இடங்களில் நேராக அடுத்த பாட்டு. ட்யூன் செய்யும்போது பேசப் பழகிக்கொள்ளுங்கள். கையும் வாயும் ஒரே சமயத்தில் வேலை செய்ய வீட்டிலேயே பயிற்சி வேண்டும்.

6. ஒத்திகை

நின்று பாடப்போகிறீர்கள் என்றால் நின்றே ஒத்திகை பாருங்கள். உட்கார்ந்து பழகிய கிட்டார் நின்றால் வேறு உயரத்துக்குப் போய்விடும், இடது கை தேடும். மைக் ஸ்டாண்டும் முன்னால் இருக்கட்டும். இல்லாவிட்டால் கட்டையைப் பார்க்கக் குனியும் பழக்கம் போகாது. குனிந்தால் வாய் மைக்கை விட்டுப் போகும்.

முழு வரிசையையும் பேச்சோடு சேர்த்து, நிறுத்தாமல், கடிகாரம் வைத்து மூன்று முறை. தப்பினாலும் திரும்ப ஆரம்பிக்கக் கூடாது. தப்பைத் தாண்டிப் போவதும் ஒத்திகையில் கற்க வேண்டியதுதான். மூன்றாவது முறை இரண்டு பேரை எதிரே உட்காரவையுங்கள். கருத்துக் கேட்க வேண்டாம். அவர்கள் எப்போது ஃபோனைப் பார்த்தார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. ஓப்பன் மைக்கில் சோதனை

இப்போதுதான் வெளியே. ஓப்பன் மைக்கில் வழக்கமாக இரண்டு மூன்று பாட்டுக்கு இடம் தருவார்கள். மூன்று வெவ்வேறு இடங்களில் அதே இரண்டு பாட்டைப் பாடுங்கள். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் புதுப் பாட்டு பாடுவார்கள். நன்றாகப் போகாவிட்டால் பாட்டில் குறையா, இடத்தில் குறையா என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. பாட்டு மாறாமல் இருந்தால் மூன்று சபையும் தூங்கிய இடம் எதுவோ அது பாட்டின் குறை.

சீக்கிரம் போங்கள், கடைசி ஆள் பாடி முடிக்கும் வரை இருங்கள். தன் முறை முடிந்ததும் கிட்டாரைப் பெட்டியில் போட்டுக் கிளம்புகிறவர்களை மேசையில் இருப்பவர் மறப்பதில்லை. கச்சேரிக்கு ஆள் தேடும்போது அவர் நினைவுக்கு வருவது இருந்து கேட்டவர்கள்.

8. ஒரு வீடியோ, இரண்டு ஒலிப்பதிவு, ஒரு படம், ஒரு பத்தி

இந்தக் கட்டத்தில் ஆல்பம் வேண்டாம். மேடையில் 20 தடவை பாடாத பாட்டுக்கு இன்னும் இறுதி வடிவம் வந்திருக்காது. நான் காசு செலவழித்துப் பதிவுசெய்த பாட்டுகளில் பலவற்றை இன்று வேறு வேகத்தில், வேறு சுருதியில் பாடுகிறேன். ஆல்பம் வாங்குகிறவர்கள் நான் பாடுவது வேறு பாட்டு என்று நினைக்கிறார்கள்.

வேண்டியது இவ்வளவுதான். ஒரே டேக்கில், வெட்டு ஒட்டு இல்லாமல் எடுத்த ஒரு பாட்டின் வீடியோ. இடம் கொடுப்பவர் இதைத்தான் பார்க்கிறார், ஏனென்றால் நீங்கள் தனியாக நின்றால் எப்படி இருப்பீர்கள் என்பதுதான் அவர் கேள்வி. ஃபோனைப் படுக்கைவாட்டில் நிறுத்துங்கள். ஒலியைத் தனி ரெக்கார்டரில் பிடியுங்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை கைதட்டினால் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்துவது சுலபம். வெளிச்சம் முகத்தின் எதிரே இருக்கட்டும்.

கூடவே நல்ல ஒலிப்பதிவு இரண்டு, முகம் தெரியும் படம் ஒன்று, 60 முதல் 80 சொல்லில் உங்களைப் பற்றி ஒரு பத்தி. பத்தியில் “மண்ணின் குரல்” மாதிரி வார்த்தைகளை எடுத்துவிட்டு எதைப் பற்றிப் பாடுகிறீர்கள் என்று எழுதுங்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் அதை அப்படியே வெட்டி ஒட்டுவார், எனவே “நான்” என்று எழுதாமல் “இவர்” என்று எழுதுங்கள்.

9. இடம் கேட்பது

முதல் பத்துக் கச்சேரிக்கு 20 முதல் 50 பேர் உட்காரும் இடங்களே போதும்: வீட்டுக் கச்சேரி, நூலகம், சிறு அரங்கம், நாட்டார் இசைக் கழகம். 30 பேர் உட்காரும் அறையில் 28 பேர் வந்தால் அது நிறைந்த கச்சேரி. அதே 28 பேர் 200 பேர் அரங்கில் என்றால் அடுத்த அழைப்பு வராது. இசை விழாக்கள் பல மாதம் முன்பே ஆளை முடிவுசெய்துவிடும். அவர்களுக்கு இப்போதே எழுதலாம், காத்திருக்க வேண்டாம்.

எழுதுமுன் அந்த இடத்துக்கு ஒரு தடவையாவது பார்வையாளராகப் போங்கள். பிறகு இப்படி:

“வணக்கம். நான் கிட்டாரோடு தனியாகச் சொந்தப் பாட்டும் மரபுப் பாட்டும் பாடுகிறவன். போன மாதம் உங்கள் இடத்தில் நடந்த இருவர் கச்சேரிக்கு வந்திருந்தேன். கடைசி வரிசையிலும் சொல் தெளிவாகக் கேட்டது. மார்ச் 6 முதல் 15 வரை எனக்குத் தேதிகள் இருக்கின்றன. 45 நிமிடக் கச்சேரி தயார். வேறொருவர் கச்சேரிக்கு முன்னால் 20 நிமிடம் என்றாலும் சரி. ஒரு மைக், ஒரு டிஐ போதும், இரண்டும் என்னிடமே உண்டு. ஒரே டேக்கில் எடுத்த வீடியோ கீழே. உங்களுக்குத் தோதான நாள் சொல்ல முடியுமா?”

இதில் தேதி இருக்கிறது, நீளம் இருக்கிறது, அவருக்கு என்ன செலவு என்பது தெரிகிறது. “ஏதாவது வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள்” என்று முடியும் கடிதத்துக்குப் பதில் எழுத அவர் யோசிக்க வேண்டியிருக்கும். யோசிக்க வைத்த கடிதம் அடியில் போய்விடும். பதில் இல்லாவிட்டால் 10 நாள் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள், அடுத்த பாதியாண்டில் மறுபடி எழுதலாம். வீடியோவைக் கோப்பாக இணைக்காமல் சுட்டியாக அனுப்புங்கள்.

10. காசுப் பேச்சை எழுத்தில் முடியுங்கள்

மூன்று வகைதான் அடிக்கடி வரும்: நிச்சயத் தொகை, டிக்கெட் வசூலில் பங்கு, இரண்டில் எது அதிகமோ அது. புதியவருக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் கிடைக்கும். அதில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: “செலவு போக”.

டிக்கெட் 100 என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் வந்தால் வசூல் 4,000. உங்களுக்கு 70 சதவீதம் என்றால் 2,800. “செலவு போக 70 சதவீதம்” என்று பேசி, சவுண்டுக்கு 1,200 கழித்தால் மிச்சம் 2,800. அதில் உங்கள் பங்கு 1,960. இரண்டுமே நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எது என்பது முன்பே தெரிய வேண்டும், செலவு எது எதற்கு, அதிகபட்சம் எவ்வளவு என்பதும் எழுத்தில் வர வேண்டும். நான் ஒரு இடத்தில் பங்கு பேசிவிட்டு இதைக் கேட்காமல் விட்டேன். முடிந்ததும் போஸ்டர் செலவு, துப்புரவுச் செலவு என்று எல்லாம் கழித்து, பஸ்ஸுக்குத் தேறியது. கோபப்படக்கூட என்னிடம் காகிதம் இல்லை.

ஒப்பந்தப் பத்திரம் தேவையில்லை, ஒரு மெயில் போதும். தேதி, வர வேண்டிய நேரம், பாடும் நேரம், தொகை, எப்போது எப்படித் தருவார்கள், சவுண்ட் யாருடையது, ரத்தானால் என்ன, குறுந்தகடு போன்றவற்றை விற்கலாமா, விற்றால் அதில் அவர்களுக்குப் பங்குண்டா. “நாம் பேசியபடி” என்று தொடங்கி இதை நீங்களே எழுதி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

11. சவுண்ட் செக்

ஒரு வாரம் முன்பே ஒரு பக்கத் தாள் ஒன்றை அனுப்புங்கள்: நடுவில் நீங்கள், முன்னால் ஒரு மைக், வலப்புறம் டிஐ, எதிரே ஒரு மானிட்டர் (உங்கள் பாட்டு உங்களுக்கே கேட்க வைக்கும் ஸ்பீக்கர்), கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று. கைப்பிடி இருந்தால் கிட்டார் இடிக்கும். எழுதாவிட்டால் கைப்பிடி வைத்ததுதான் வரும்.

அங்கே போனதும் முதல் வேலை சவுண்ட்காரரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. அன்றிரவு உங்களைக் காப்பாற்றப்போகிறவர் அவர்தான்.

கேபிளைச் செருகுமுன்னும் பிடுங்குமுன்னும் சேனலை ம்யூட் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் வெடிச்சத்தம். முதலில் கிட்டார், கச்சேரியில் எவ்வளவு பலமாக வாசிப்பீர்களோ அதே பலத்தில். மெதுவாக வருடிக் காட்டிவிட்டு மேடையில் ஓங்கி அடிப்பது எல்லோரும் செய்யும் பிழை. பிறகு குரல்: மிகச் சத்தமான பாட்டின் ஒரு சரணம், மிக மெல்லிய பாட்டின் ஒரு சரணம், சாதாரணப் பேச்சு நாலு வாக்கியம். “ஹலோ, செக், ஒன், டூ” என்பதில் உங்கள் பாட்டில் வரும் எந்த ஓசையும் இல்லை. மூன்றாவதாக இரண்டும் சேர்ந்து. கடைசியில்தான் மானிட்டர், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும்.

ஊளை, அதாவது ஃபீட்பேக், வந்தால் பதற வேண்டாம், எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குரல் மைக்கிலிருந்து என்றால் மானிட்டர் இருக்கும் இடம் தப்பு. ஷூர் எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டு மைக் தன் நேர் பின்பக்கத்திலிருந்து வருவதைத்தான் மிகக் குறைவாக எடுக்கும், எனவே மைக்கின் வால் பார்க்கும் திசையில் மானிட்டர். சூப்பர்கார்டியாய்டு மைக் நேர் பின்னால் கொஞ்சம் எடுக்கும். அதற்குக் காது கேட்காத இடம் முன்பக்கத்திலிருந்து சுமார் 126 டிகிரியில், இரண்டு பக்கமும். மானிட்டரைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். மைக் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் கெட்டு ஊளை கூடும்.

கிட்டாரிலிருந்து கீழ்ஸ்தாயியில் உறுமல் வந்தால் ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடையுங்கள். கிட்டாரின் ப்ரீஆம்பில் (சிக்னலைக் கூட்டும் கருவி) ஃபேஸ் பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். நான்கு விரற்கடை தூரத்தில் பாடுகிறவர் இன்னும் நான்கு விரற்கடை பின்வாங்கினாலே சவுண்ட்காரர் ஓட வேண்டியிருக்கும். கூடவே மிக நெருங்கினால் அடித்தொனி பெருக்கும் குணமும் இந்த மைக்குகளுக்கு உண்டு. ஒரே தூரத்தில் நின்று, ஓங்கிப் பாடும் இடத்தில் மட்டும் தலையைக் கொஞ்சம் திருப்புங்கள்.

வெற்று அறையில் கூர்மையாகக் கேட்பது ஆள் நிறைந்ததும் மங்கும், ஏனென்றால் உடலும் துணியும் மேல்ஸ்தாயியை உறிஞ்சும்.

12. மேடையில்

நடந்து வந்து, ட்யூனிங் பார்க்காமல், நேராக முதல் பாட்டு. ட்யூனிங்கை உள்ளேயே முடித்திருக்க வேண்டும். “எல்லோருக்கும் கேட்கிறதா?” என்று கேட்காதீர்கள், கேட்காதவர்களுக்கு அந்தக் கேள்வியும் கேட்காது. பெயர், வணக்கம் எல்லாம் முதல் பாட்டுக்குப் பிறகு.

வரி மறந்தால் வாசிப்பை நிறுத்தாதீர்கள். அதே கார்டுகளை ஒரு சுற்று ஓட்டுங்கள். வரி வந்தால் வந்தது, இல்லாவிட்டால் அடுத்த சரணம். புதுப் பாட்டு சபைக்குத் தெரியாது, அது உங்களுக்குச் சாதகம்.

கம்பி அறுந்தால், அங்கேதான் வாத்தியமில்லாத அந்தப் பாட்டு. கிட்டாரை ஓரமாகச் சாய்த்துவிட்டு, மைக்கை விட்டு ஒரு அடி முன்னால் வந்து பாடுங்கள். சின்ன அறையில் அதுவே அன்றிரவின் நல்ல கணமாக ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு கம்பி மாற்றிக்கொண்டே உங்களுடைய மிக நீளமான கதையைச் சொல்லலாம். அதற்காகவே ஒரு கதையைச் சேமித்து வையுங்கள்.

45 நிமிடம் என்றால் 44-இல் முடியுங்கள். தரையில் சின்னக் கடிகாரம் ஒன்று, சபைக்குத் தெரியாதபடி.

13. முடிந்த அன்றிரவும் மறுநாளும்

கிட்டாரைப் பெட்டியில் வைக்குமுன் வாசல் பக்க மேசைக்கு வந்துவிடுங்கள். 10 நிமிடம் தாமதித்தால் பாதிப் பேர் போயிருப்பார்கள். மேசையில் விற்கும் பொருளைவிட முக்கியம், பெயரும் மெயிலும் எழுத ஒரு நோட்டு. “அடுத்த கச்சேரிக்குச் சொல்லலாமா?” என்று கேட்டு, அவர்களே எழுதட்டும். சமூக வலைத்தளத்தில் உங்களைப் பின்தொடர்கிற எல்லோருக்கும் உங்கள் பதிவு போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. இந்த நோட்டு உங்கள் கையில் இருக்கும்.

கணக்கு முடித்து, தொகையை எண்ணி வாங்கி, ரசீது கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எத்தனை டிக்கெட் போனது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மறுநாள் மூன்று வேலை. இடம் கொடுத்தவருக்கும் சவுண்ட்காரருக்கும் நன்றி. பாடிய பாட்டுப் பட்டியலைக் காப்புரிமைச் சங்கத்துக்கு அனுப்புவது, இதற்குக் கெடு உண்டு. மூன்றாவது, குறிப்பு நோட்டில் ஒரு பக்கம். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி: “38 பேர். இரண்டு தட்டுப் பாட்டு ஆறாவதாக, முன்னுரை இல்லாமல், நல்லது. நாலாவதில் இருமல், ஒரு சரணம் வெட்டணும். மானிட்டர் இடப்பக்கம் போட்டால் ஊளை. நாற்காலி கைப்பிடி வைத்தது, ஸ்டூல் கேட்கணும். 12 பேர் மெயில் எழுதினார்கள்.”

அதே இடத்துக்கு மறுபடி எழுதும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த 9 பாட்டை அங்கே பாடியாகிவிட்டது என்பது அதில்தான் இருக்கும்.